ஏழுமலையின் பாடும் ஒரு புரொப்பல்லரும்

காலை ஆறரை மணிக்குப் பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுப் பேருந்து கிளம்பியது. சிலர் அறுபடை வீடுகளுக்குப் போவார்கள். நான் இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சண்டை விமானங்களின் மூக்கில் சுழலும் புரொப்பல்லர் எங்கே இருக்கிறதென்று தெரிந்தாலும் போய்விடுவேன். அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவனுக்கு வந்த கிறுக்கு இது. பெரும்பாலும் அருங்காட்சியகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவைதான். பழவேற்காடு ஏரியில் ஒன்று வலையில் மாட்டிக் கரையேறியிருக்கிறது என்று நண்பர் படம் அனுப்பினார். "நம்ம வீட்டு ஃபேன் சுத்தி மூணு மாசமாச்சு, அதைப் பார்க்க நேரமில்லை" என்றாள் மனைவி. அவள் சொன்னதில் தப்பில்லை.

இருபது கிலோமீட்டர் சொச்சம். சாலையின் இரு பக்கமும் தண்ணீர் தெரியத் தொடங்கியதும் மீன் வாடை உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. பழவேற்காட்டில் டீ குடித்துவிட்டு, கோட்டைக்குப்பத்துக்கு நாற்பது ரூபாய் பேசி ஆட்டோவில் ஏறினேன். ஓட்டுநர் பாஷா உள்ளூர்க்காரர். எதற்கு வந்திருக்கிறேன் என்று அவர் கேட்கவே இல்லை.

"ஏரோப்ளேன் ரெக்கைதானே? அது வந்ததுலேர்ந்து நமக்கு நல்ல சவாரி. எடுத்தவன் பொழப்புதான் பேஜாராப் போச்சு" என்றார்.

எட்டரை மணி இருக்கும். வலை பின்னும் கொட்டகையில் அது கிடந்தது, சங்கிலி போட்டுப் பூட்டப்பட்டு. பறந்துவிடும் என்று பயந்தார்கள் போலும். மூன்று இறக்கைகள். ஹரிக்கேன் என்ற சண்டை விமானத்தினுடையதாக இருக்கலாம். சோழவரத்தில் போர்க்கால ஓடுதளம் இருந்ததால் எனக்கு அப்படித் தோன்றியது. சிப்பி அப்பிய உலோகத்தைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தேன். இரண்டு இறக்கைகள் நேராக இருந்தன. ஒன்று மட்டும் பின்னால் மடங்கியிருந்தது. இறக்கைகள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே விழுந்திருந்தால் மூன்றும் மடங்கியிருக்கும். அப்படியென்றால் வானத்திலேயே எஞ்சின் நின்று, சறுக்கிக்கொண்டு ஏரியில் இறங்கியிருக்கிறது. கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு நிமிர்ந்தேன்.

எதிரே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றிருந்தார்.

"சார், கயிறு எப்ப அவுக்குறீங்க?"

அவர்தான் ஏழுமலை, அதை எடுத்தவர். என்னை அதிகாரி என்று நினைத்துவிட்டார். நான் லேத் பட்டறைக்காரன், சும்மா பார்க்க வந்தவன் என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குச் சங்கடமாகிவிட்டது. அப்படியும் வீட்டுக்குக் கூட்டிப்போய் டீ கொடுத்தார்.

கயிறு விவகாரத்தை அங்கேதான் தெரிந்துகொண்டேன். இந்த ஏரித் தண்ணீருக்கு வேலி கிடையாது, முறை உண்டு. கழி நட்டு வலை கட்டுவதற்கென்று ஆகிவந்த இடங்களுக்குப் பாடு என்று பெயர். ஊரின் தலைக்கட்டுகள் சீட்டுப் போடுவார்கள்; யாருக்கு எந்தப் பாடு விழுகிறதோ, முறை முடியும்வரை அது அவருடையது. முகத்துவாரத்தை ஒட்டிய பாடுதான் நல்ல பாடு, இறால் அந்த வழியாகத்தான் வரும். ஏழுமலைக்கு வருடக்கணக்காகச் சேற்றுப் பாடுகளே விழுந்துகொண்டிருந்தன. இந்த முறை சீட்டைப் பிரித்தால் முகத்துவாரப் பாடு. மகள் கல்யாணத்தையே அதை நம்பித்தான் பேசி முடித்தாராம்.

முதல் நாளே வலை எதிலோ மாட்டிக் கிழிந்தது. பாட்டுக்குள் முட்டுக்கட்டை எது இருந்தாலும் ஊரில் சொல்லிவிட வேண்டும், அடுத்து வருகிறவன் வலை கிழியக் கூடாது என்பது இங்கே பழைய கட்டுப்பாடு. ஏழுமலை நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு அதைப் பெயர்த்தெடுத்து ஊர் முன்னால் போட்டார். ஊர் போலீசுக்குச் சொன்னது, போலீஸ் மேலே சொன்னது. விமானத்தின் மிச்சம் சேற்றுக்குள் இருக்கிறது, குண்டும் இருக்கலாம் என்று சொல்லி, வந்தவர்கள் அந்தப் பாட்டைச் சுற்றிச் சிவப்புக் கொடி கட்டிக் கயிறு இழுத்துவிட்டார்கள். ஆராயும் ஆட்கள் வரும்வரை யாரும் போகக் கூடாது. எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"நைனா காலத்துலேர்ந்து அதுக்கு மேலதான் சார் கழி நட்டோம். அப்பல்லாம் வெடிக்காத குண்டு, எனக்குச் சீட்டு வுழுந்தப்புறம் வெடிக்குமா?" என்றார் ஏழுமலை.

அப்படியானால் முன்பு யாருக்கும் வலை கிழியவில்லையா என்று கேட்டேன். அவர் மனைவி மல்லிகா சிரித்தார். எல்லோருக்கும் கிழிந்ததாம், அவனவன் வலையை அறுத்துக்கொண்டு கம்மென்று போய்விட்டானாம். இவர் ஒருத்தர்தான் ஊருக்கு நல்லவர் என்றார்.

வேறு பாடு கேட்டுப் பார்த்தார்களா? கேட்டார்கள். காற்றாலோ மழையாலோ தவறிய முறை தவறியதுதான், திரும்ப வராது என்பதும் பழைய கட்டுப்பாடு. இன்றைக்குக் குண்டு என்று கொடுத்தால் நாளைக்கு ஒருவன் காய்ச்சல் என்று வருவான் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நியாயமான பேச்சு. நியாயம் இவ்வளவு கசக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நண்பகலில் புரொப்பல்லரை எடுத்துப்போக லாரி வந்தது. கூடவே ஜீப்பில் அருங்காட்சியகத்தின் உண்மையான அதிகாரி ஒருவரும் வந்து இறங்கினார். வந்ததும் ஏழுமலைக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்தார்கள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. சோற்றுத் தட்டைப் பிடுங்கிக்கொண்டு வாய் துடைக்கத் துணி கொடுக்கிற மரியாதை எந்த ஊர் மரியாதை? புரொப்பல்லரை எட்டுப் பேர் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். கண்டெடுத்த இடம் பழவேற்காடு ஏரி என்று காட்சிப் பலகையில் எழுதப்படும் என்றார் அதிகாரி.

"ஏரினு எழுதாதீங்க சார். ஏழுமலையோட பாடுனு எழுதுங்க. நாளைக்கு யாராவது படிச்சிட்டு, அவன் இன்னா ஆனான்னு கேக்கட்டும்" என்றார் ஏழுமலை.

அதிகாரி நல்ல மனிதர்தான், கோபப்படவில்லை. அப்படியெல்லாம் எழுத இடமில்லை என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். இனி அந்தப் புரொப்பல்லர் ஏதாவது ஒரு கூடத்தில் விளக்கு வெளிச்சத்தில் நிற்கும். என்னைப் போன்ற கிறுக்கர்கள் மடங்கிய இறக்கையைக் காட்டி எஞ்சின் நின்ற கதையைச் சொல்வார்கள். நான் போகப்போவதில்லை.

ஏழுமலை பேருந்து நிலையம்வரை கூடவே வந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. அவருக்குக் கரையில் வேறு வேலை இல்லை. முகத்துவாரப் பாட்டுக்கு அடுத்த முறை யாருக்கு என்று விசாரித்தேன். அதற்கும் சீட்டுப் போட்டாகிவிட்டது, பக்கத்து வீட்டுக்காரருக்காம். முன்பே இதே இடத்தில் வலையை அறுத்துக்கொண்டு வாய் திறக்காமல் போனவர்.

"அவன் மொறை வரதுக்குள்ள கயிறை அவுத்துருவாங்க. அவனுக்கு வலையும் கிழியாது, நான்தான் எடுத்துட்டேனே" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை.

பேருந்து வந்தது. நான் ஏறிய பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இனிமே தண்ணிக்குள்ள பொணமே கெடந்தாலும் நான் பாக்கல சார்."