கல்வெட்டில் விட்ட பக்கம்

எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் ஒரு சிறு புத்தகம் அடித்துக் கொடுப்போம். கல்வெட்டு என்று பெயர். உயிரோடு இருந்தவரை ஊரோடு சண்டை பிடித்தவரும் அதில் சாந்த சொரூபிதான். அப்பா செத்தபோது அதை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

அப்பாவைப் பற்றி எழுத அதிகம் இருக்கவில்லை. புலம்பெயர்ந்து வந்து ஓஸ்டர்முண்டிகனில் இருபது வருடம் யன்னலோரம் இருந்து பனியைப் பார்த்தார். ஆகவே வழக்கப்படி பரம்பரைக்குப் போனேன். அப்பாவின் தகப்பன், எங்கள் அப்பப்பா, வெள்ளைக்காரர் காலத்து எஞ்சினியர். பாலம் கட்டினார், தெரு போட்டார், பிறகு உத்தியோகத்தை உதறிவிட்டுத் தேர்தலில் நின்று சட்டசபைக்குப் போனார்.

"அவற்ற பேச்செல்லாம் என்ர பெட்டியில கிடக்கு. நான் போனாப்பிறகு வாசிச்சுப் போட்டு எழுது," என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து அப்பா சொல்லியிருந்தார். பெருமைக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

வாசித்தேன். பாலம், குளம், புகையிலை வரி. அடியில் இன்னொரு பேச்சு. பள்ளிக்கூடத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே வாங்கில் இருத்தக் கூடாதாம். அத்திவாரக் கல்லைப் பிடுங்கிக் கூரையில் வைத்தால் கட்டடம் விழும் என்று சபையில் எஞ்சினியர் நியாயம் பேசியிருந்தார். தாளைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, "கல்விக்காகக் குரல் கொடுத்த பெருமகன்" என்று எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

பக்கம் அமைத்துத் தந்தவர் மேல்வீட்டு அண்ணை. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. எங்களுக்கு உறவில்லை. ஆனால் அப்பா நடக்க ஏலாமல் கிடந்த இரண்டு வருடமும் வேலை முடிந்து வந்து அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியவர் அவர்தான். பெற்ற பிள்ளை நான் அதைச் செய்யவில்லை.

கணினியில் அந்த வரிக்கு வந்ததும் அண்ணை நிறுத்தினார்.

"தங்கச்சி, பள்ளிக்கூடம் பற்றி அவர் கதைச்சது வேற ஒண்டும் இல்லையோ?"

"இல்லை அண்ணை."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"ஓம்."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

முப்பத்தோராம் நாள் பூம்ப்ளிஸ் மண்டபத்துக்குப் புத்தகப் பெட்டிகளை அவரே சுமந்து வந்து வைத்தார். சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. பந்தி முடிந்து சனம் கலைந்த பிறகுதான் கவனித்தேன். வாசலுக்கு வந்து போன் எடுத்தேன்.

"சாப்பிடாமல் போட்டீங்களே அண்ணை?"



"என்ர அப்பா வாங்கில இருக்க விடாததால நிலத்தில இருந்து படிச்சவர், தங்கச்சி. உங்கட அப்பாவுக்குத் தெரியும். முதல் நாள் குளிப்பாட்டேக்க, தகப்பன் பேசின பேச்சைத் தானே சொல்லி அழுதவர். கல்வெட்டில மகள் அதை எழுதுவாள் எண்டவர். நானும் பாத்துக்கொண்டிருந்தனான்."



"மாத்தி அடிப்பம் அண்ணை. இப்பவே எல்லாத்தையும் திருப்பி வாங்கிறன்."

"சனம் கொண்டு போட்டுது, தங்கச்சி," என்றார்.

உள்ளே போய்ப் பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். ஒன்றுகூட மிச்சமில்லை.