தம்பிக்குப் பதிலாக நடுங்கிய நெஞ்சு

இன்று மதுரையில், தம்பியின் இதய டாக்டர் முன்னால்...

டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பி ஒரு வீடியோ காட்டினார். பாலாடை போல ஏதோ ஒன்று ஒரு கிண்ணத்துக்குள் துடித்துக்கொண்டிருந்தது!

"இது உங்க பையனோட இதயத் தசைம்மா."

அம்மா சட்டென்று தம்பியின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். (இருந்தது!)

தம்பிக்குப் பிறவியிலேயே இதயத் துடிப்பில் கோளாறு. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தபோதுதான் எங்களுக்கே தெரியும்.

கொடுத்த மாத்திரை போதவில்லை. புதிதாக இரண்டு மருந்துகள் இருந்தன. எது ஒத்துக்கொள்ளும், எது ஆளையே சாய்த்துவிடும் என்று டாக்டருக்கே சந்தேகம்.

அதனால் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அவன் ரத்தத்தை அனுப்பினார். அதிலிருந்து ஸ்டெம் செல் உருவாக்கி, இதயத் தசையாக வளர்த்து, மருந்துகளை முதலில் அதற்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

மாதக்கணக்கில் ஆனது. அதுவரை அம்மா அவனைப் பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள்கூடப் போட விடவில்லை!

முதல் மருந்தில் அந்தத் தசை தாறுமாறாக நடுங்கியது. அதையும் வீடியோவில் பார்த்தோம். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டாவது மருந்தில் சீராகத் துடித்தது. அதைத்தான் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, பக்கத்திலேயே இருந்து கவனித்து, தம்பிக்குக் கொடுத்தார்கள்.

இன்று ஈசிஜி நன்றாக இருக்கிறது!!!

நான் அழுதேவிட்டேன். அம்மாவுக்கு வேறு கவலை.

"டாக்டரய்யா, அந்த மருந்தை ஊத்தும்போது அதுக்கு வலிச்சிருக்குமோ?"

"வலிக்காதும்மா. அதுக்கு மூளை கிடையாதே."

"எனக்கும் மூளை இல்லன்னுதான் அம்மா தெனமும் ஏசுதா. எனக்கு மட்டும் வலிக்குதே சார்!" என்றான் தம்பி.

டாக்டர் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை.

"அதுக்குத் தெரியாதுய்யா. எனக்குத் தெரியுதுல்லா" என்றாள்.

ஊர் திரும்பியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கழுகுமலைக் கோயில் வாசல் கடை. நோய் தீர்ந்தால் அந்த உறுப்பை வெள்ளித் தகட்டில் வாங்கி முருகன் உண்டியலில் போடுவது எங்கள் வழக்கம்.

"அண்ணாச்சி, நெஞ்சு ரெண்டு தாங்க" என்றாள் அம்மா.

கடைக்காரர் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு ஆளுக்கு எதுக்குக்கா ரெண்டு?"

"ஒண்ணு இவனுக்கு. இன்னொண்ணு, இவனுக்குப் பதிலா நடுங்குச்சுல்லா, அதுக்கு."

அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. எடுத்துக் கொடுத்தார்.

அந்தக் கிண்ணத்தை ஞாயிற்றுக்கிழமையும் வந்து பார்த்துக்கொண்டதாக டாக்டர் சொன்ன, எனக்குப் பேர் தெரியாத ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகளே...

நீங்கள் வளர்த்த நெஞ்சுக்கு இங்கே ஒரு அம்மா நேர்த்திக்கடன் செலுத்திவிட்டாள். ரொம்ப நன்றி!