ஆற்றை பிள்ளை என்று கேட்டால் விழுகிறவள்

நான் சித்திரக்கதையில் கீறுகிற பெட்டைக்குப் பறக்கத் தெரியும். மதகில் சரிந்த மினிபஸ்ஸை ஒற்றைக் கையால் தூக்கி றோட்டில் வைப்பாள். களவாக மணல் ஏற்றி ஓடுகிற டிப்பரை எட்டிப் பிடித்து, மணலைத் திரும்பவும் கடற்கரையில் கொட்டிவிட்டு, வெறும் டிப்பரைச் சாரதியிடம் மரியாதையாகக் கொடுப்பாள். ஆனால் கீழே நிற்கிற யாராவது அண்ணாந்து பார்த்து, "பிள்ளை, நீர் ஆற்றை பிள்ளை?" என்று, அதாவது யாருடைய மகள் என்று, கேட்டால் போச்சு. பலம் முழுக்க வடிந்து, கிட்ட இருக்கிற வாழைத் தோட்டத்துக்குள் பொத்தென்று விழுவாள்.

முகமூடி போட்டால் ஆளைத் தெரியாது என்பதெல்லாம் வேறு ஊர்களில் சரிவரும். எங்கள் வலிகாமத்தில் முகமூடியைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள். தகப்பன் பேரைக் கேட்பார்கள், தாயின் ஊரைக் கேட்பார்கள், "ஓ, அந்த வளவுப் பிள்ளையோ" என்று முகமூடியோடேயே ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

பகலில் அவள் கூட்டுறவுச் சங்கக்கடையில் பருப்பு நிறுக்கிறாள். அங்கே வருகிற எல்லாருக்கும் அவள் இன்னாருடைய மகள். அங்கே அவளால் ஒரு பருப்புச் சாக்கைக்கூட அசைக்க முடியாது. ஆகாயத்தில் அவளை ஒருவருக்கும் தெரியாது, அதனால் அங்கே பலம். எந்த இடத்தில் இருப்பது உண்மையான தான் என்று அவளுக்கே பிடிபடாமல், சில கிழமைகளில் பருப்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபடி நிற்பாள்.

இவள் ஞாயிறுதோறும் ஒரு வாரப் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் வந்தாள். கீறுகிறவரின் பெயர் போட வேண்டாம் என்று கேட்டவன் நான்தான். கிழமை நாட்களில் ஒரு நில அளவையாளரிடம் காணிப் படம் கீறுவது என் தொழில். ஊரில் பாதிப் பேருடைய வேலிச் சண்டை என் மேசையில் கிடக்கிறது. பறக்கிற பெட்டையையும் இவன்தான் கீறுகிறான் என்று தெரிந்தால், நான் கீறுகிற எல்லைக் கோட்டை யார் நம்புவது? மனைவிக்கும் சொல்லவில்லை. அவ ஒருநாள் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "உதை ஆரோ கலியாணமாகாத பொம்பிளைதான் கீறுறாள்" என்றா. "இருக்கும், இருக்கும்" என்றேன்.

பெட்டையின் முகத்துக்கு நான் தூரம் போகவில்லை. மகளிடம் களவெடுத்தேன். இருபத்தேழு வயது, பிரதேச செயலகத்தில் வேலை. ஹெல்மெற்றுக்கு மேலே சால்வையைச் சுற்றிக்கட்டுவது, கதைக்கும்போது நாடியைத் தூக்குவது, சின்ன வயதில் கொய்யாவில் ஏறி விழுந்து இடப் புருவத்தில் வந்த தழும்பு, எல்லாமே அவளுடையவை. தழும்பை மட்டும் வலப் புருவத்துக்கு மாற்றினேன். என் பாதுகாப்பு ஏற்பாடு அவ்வளவுதான்.

போன வருசம் ஒரு கிழமை, அவளைப் பெண் பார்க்க வருவதுபோலக் கீறினேன். தங்க விளிம்புக் கண்ணாடி போட்ட பெருத்த மாமியார் ஒருவர் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து, ஆற்றை பிள்ளை என்று கேட்க வாயைத் திறக்கிறார். கேள்வி வெளியே வருவதற்குள் எங்கள் பெட்டை கதிரையோடு அவரைத் தூக்கித் தண்ணீர்த் தாங்கிக்கு மேலே வைத்துவிடுகிறாள். அந்தக் கிழமை எனக்கு என்மேல் வலு புழுகம், ஒரே பெருமை.

நாலு மாதம் கழித்து, காங்கேசன்துறையிலிருந்து மகளுக்குச் சம்பந்தம் வந்தது. தரகர் கொண்டுவந்த குடும்பப் படத்தில் மாப்பிள்ளையின் தாயார் நடுவில் இருந்தார். தங்க விளிம்புக் கண்ணாடி. இருந்தது பிளாஸ்ரிக் கதிரையில்.

நான் தண்ணீர்த் தாங்கியில் ஏற்றிவைத்த அதே மாமியார்; அந்தப் பக்கம் அவர்கள் கண்ணில் பட்டால் சம்பந்தம் குழம்பிவிடும். முன்னர் வந்த இரண்டு சம்பந்தத்தைப் படத்தைக்கூடப் பார்க்காமல் தள்ளிய மகள், இந்தப் படத்தை எடுத்து மாப்பிள்ளையில் விரலை வைத்து, "ஒரு பயிற்சி வகுப்பிலை கண்டிருக்கிறன். பகிடியாய்க் கதைப்பார்" என்றாள். பிறகு படத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்துபோனாள். மறதி வராத பிள்ளை. அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. குழம்பினால் அது என்னால்தான் குழம்பும் என்பதும் தெரிந்தது.

அன்றிலிருந்து நான் ஒருவரையும் நம்பவில்லை. அந்தத் தண்ணீர்த் தாங்கிப் பக்கத்தை வீட்டில் வைக்கப் பயந்து, பொக்கற்றிலேயே மடித்து வைத்துக்கொண்டு திரிந்தேன். சந்திக் கடைக்காரர் வடை சுற்றித் தந்த தாளில் என் பெட்டை பறந்துகொண்டிருந்தாள். ஏன் எனக்கு மட்டும் அந்தத் தாள்? தபால்காரர் என்னைக் கண்டதும் சிரித்தார். முப்பது வருசமாகச் சிரிக்கிற மனிசன்தான், ஆனாலும் அன்றைய சிரிப்பில் ஏதோ இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பண்டத்தரிப்புச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். வெள்ளை வேட்டி, கறுப்புக் குடையோடு ஒரு முதியவர் வந்தார். தோளில் துணிப்பை. பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது அந்த வாரப் பத்திரிகை.

எங்கள் ஊரில் பழக்கமில்லாத ஒருவர் வந்து விசாரிக்கிறார் என்றால் இரண்டே காரணம். ஒன்று கலியாணம். மற்றதை நான் எழுதத் தேவையில்லை, என் வயதுக்காரரின் முழங்காலுக்குத் தெரியும். சண்டை நடந்த அந்தக் காலத்தில், முழங்காலில் இருத்திவைத்து யார் என்ன கேட்டாலும் "தெரியாது" என்று சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம். மூளை யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிடும்.

"தம்பி இந்த ஊரோ?" என்றார்.

"ஓம். ஓமெண்டும் சொல்லேலாது."

அந்த நேரம் பார்த்துச் சிவப்பு ஸ்கூட்டி வந்தது. மகள். அலுவலகத்துக்குப் போகிறாள். என்னைக் கண்டு கையை உயர்த்தி ஆட்டினாள். நான் முகத்தைத் திருப்பி, ஒரு தேங்காய் லொறியை ஆராய்ந்தேன்.

"உந்தப் பிள்ளை ஆற்றை பிள்ளை, தம்பி?"

என் பெட்டை விழுவதை எத்தனை தரம் கீறியிருப்பேன். எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"தெரியாது."

"உம்மைப் பாத்தெல்லே கை காட்டினது?"

"எனக்கில்லை ஐயா. பின்னாலை மாடு நிக்குது."

அவர் திரும்பிப் பார்த்தார். கடவுள் கிருபையில் மாடு நின்றது.

"உடுவில் பக்கத்துப் பிள்ளைபோலை கிடக்கு" என்று இன்னொரு பொய்யையும் சேர்த்துவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறினேன். அது நான் போகவேண்டிய பஸ் அல்ல.

வியாழன் பின்னேரம் தரகரின் தொலைபேசி வந்தது. மனைவி சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தா.

"தங்கச்சி, கோவியாதேங்கோ. பொடியன்ரை பெரியப்பா விசாரிக்க வந்தவர். எல்லாரும் நல்லமாதிரித்தான் சொல்லியிருக்கினம். ஒரு ஆள் மட்டும் தெரியாது எண்டு சொல்லிப்போட்டாராம்."

மனைவியின் முகம் கறுத்தது. கலியாண விசாரணையில் ஊரார் ஒருவரைப் பற்றியும் கூடாமல், குறையாகச் சொல்ல மாட்டார்கள். ஆள் கூடாது என்றால், "எனக்கு அவ்வளவாய்த் தெரியாது" என்பார்கள். கேட்டவர் குடையை விரித்துக்கொண்டு போய்விடுவார். அது எனக்கும் தெரிந்த வழக்கம். சந்தியில் நின்ற முழங்காலுக்கு மட்டும் அது ஞாபகம் வரவில்லை.

தரகர் விடவில்லை. "அதோடை போகேல்லை. பிள்ளை அந்த ஆளுக்குக் கை காட்டினதாம். ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மாட்டுக்குத்தான் காட்டினது எண்டாராம். வயது ஐம்பதுக்கு மேலையாம். ஏதோ ஒளிப்பு மறைப்பு இருக்குதோ எண்டு அவை யோசிக்கினம். பெரியப்பா உடுவிலிலையும் போய் வெயிலுக்கை அலைஞ்சவராம்."

"ஆர் அந்த நாசமாப்போவான்?" என்று மனைவி மேசையைப் பார்த்துக் கேட்டா. மேசைக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன்.

"ஆரோ எரிச்சல் பிடிச்ச ஆள்தான்" என்றேன் நானும், சொல்லாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று.

"என்ரை பிள்ளை மாட்டுக்குக் கை காட்டுற பிள்ளையோ?" அவ சந்தேகப் பட்டியலைத் தொடங்கினா. வேலி வழக்கில் தோற்ற அயலவர். சீட்டுக்காரி. சந்திக் கடைக்காரர். ஒவ்வொரு பேருக்கும் நான் தலையாட்டினேன். என்னைத் தேடுகிற கூட்டத்தில் நானே முன்னுக்கு நின்று டோர்ச் அடித்துக்கொண்டிருந்தேன்.

மகள் என்னைப் பார்த்தாள். மனைவி கடைக்காரரோடு சண்டைக்குப் போகச் சேலை மாற்ற உள்ளே போனபிறகு, கதிரையை எனக்குக் கிட்ட இழுத்து இருந்தாள்.

"அப்பா, செவ்வாய்க்கிழமை சந்தியிலை நான் ஒரு ஆளுக்குத்தான் கை காட்டினனான்."

நான் மேசையில் கிடந்த தொலைபேசியைக் குப்புறத் திருப்பி வைத்தேன்.

"ஏன் தெரியாது எண்டனீங்கள்?"

சொன்னேன். பத்திரிகை, பெட்டை, புருவம், கதிரை, தண்ணீர்த் தாங்கி எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே அது ஒரு பைத்தியக்காரனுடைய வாக்குமூலம்போலக் கேட்டது. அவள் அசையாமல் கேட்டாள்.

"அது நீங்கள் எண்டு எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள்.

"தழும்பை மாத்தினனே!"

"மாத்தினதாலைதான் பிடிபட்டது. கண்ணாடியிலை எனக்கு அது அந்தப் பக்கம்தானே தெரியும். ஒவ்வொரு விடியக்காலமையும் நான் பாக்கிற முகம் அப்பிடியே பேப்பரிலை கிடந்தது."

சிரிக்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை. கண் கலங்கியிருந்தது.

"களவெடுத்தது பறுவாயில்லை அப்பா. ஆனால் உந்த ஒரு கேள்விக்கு அவள் ஏன் கிழமைக்குக் கிழமை விழவேணும்? கேட்டால் சொல்லிப்போட்டுப் பறக்கட்டுமன். நான் ஒவ்வொரு ஞாயிறும் அவள் விழமாட்டாள் எண்டு நினைச்சுத்தான் பேப்பரை விரிக்கிறனான்." மூக்கை உறிஞ்சினாள். "பேப்பரிலை விழுத்தினது போதாதெண்டு சந்தியிலையும் விழுத்திப்போட்டியள்."

பகிடி விடாமல், தோளில் கிடந்த துவாயை எடுத்து அவளிடம் நீட்டினேன். அபூர்வமான சம்பவம்.

"எழும்புங்கோ. காங்கேசன்துறைக்குப் போவம்" என்றாள்.

கடைக்காரரைக் காப்பாற்ற, வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்த மனைவியிடம், "அந்த நாசமாப்போவான் நான்தான்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியின் பின்னால் தொற்றினேன். அவ கேட்டது விளங்கி வாயைத் திறப்பதற்குள் மகள் ஒழுங்கை முடக்கைத் தாண்டிவிட்டாள். அவள் ஓடுகிற வேகத்துக்கு, பறப்பது பெரிய விசயமாக எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை வீட்டு ஆட்களிடம் தானே வருவது சரியில்லை என்று மகள் ஒழுங்கை முகப்பில் நின்றுகொண்டாள். நான் மட்டும் போய்ப் படலையைத் தட்டினேன். பெரியப்பா அதே கறுப்புக் குடையோடு வந்தார்.

"நீர் சந்தியிலை நிண்ட ஆளெல்லே?"

"ஓம் ஐயா. அந்தப் பிள்ளை…"

"மாட்டுக்குக் கை காட்டின பிள்ளை."

"மாட்டுக்கில்லை ஐயா. எனக்கு."

"நீர் ஆர் அதுக்கு?"

முழங்கால் பழைய சொல்லை வாய்க்கு அனுப்பிக்கொண்டிருந்தது. "அது என்ரை பிள்ளை" என்றேன். சத்தம் கூடிவிட்டது. அடுத்த வளவில் ஒரு நாய் குரைத்தது.

"பெத்த தகப்பனோ?"

"ஓம்."

"பெத்த தகப்பனோ தெரியாது எண்டது?" நெற்றி சுருங்கியது. "ஏன்?"

அவருடைய துணிப்பையில் இருந்த பத்திரிகையைப் பற்றிக் கேட்டேன்.

"அதை நான் மரண அறிவித்தலுக்கெல்லோ வாங்குறனான். மற்றப் பக்கம் ஆர் பாக்கிறது?"

நான் யாருக்குப் பயந்து பிள்ளையைத் தெரியாது என்றேனோ, அந்த மனிசன் என் பெட்டையைக் கண்ணாலும் கண்டதில்லை. தண்ணீர்த் தாங்கிப் பக்கத்தைப் பொக்கற்றிலிருந்து எடுத்து, நானே அவர் கையில் கொடுத்தேன். இனி ஒன்றையும் ஒளிக்க ஏலாது என்று தோன்றிவிட்டது. அவர் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"உது என்ரை தம்பியின்ரை பெண்சாதியெல்லோ!"

"அவவைக் காண முந்திக் கீறினது ஐயா. சத்தியமாய்."

"வலு உயரத்திலை வைச்சிருக்கிறீர்" என்றார். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. குடையால் தாங்கிக்கொண்டுதான் சிரித்து முடித்தார். பிறகு, "பிள்ளை எங்கை?" என்றார்.

"முகப்பிலை."

"வெயிலுக்கை விட்டிட்டு வந்தனீரோ? கூப்பிடும்."

மகள் வந்தாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்து, வழக்கத்தை விடாமல் கேட்டார்: "நீர் ஆற்றை பிள்ளை?"

என்னை அறியாமல் ஒரு கையை நீட்டினேன், விழுந்தால் பிடிக்க. அவள் நாடியைத் தூக்கி என் பக்கம் காட்டினாள்.

"உவற்றைதான் ஐயா. இடைக்கிடை அவருக்கே தெரியாமல் போயிடும்."

விழவில்லை. கால் இரண்டும் நிலத்தில் நன்றாக ஊன்றித்தான் நின்றன.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் கீறிக் கொடுத்த பக்கத்தில், கேள்வி கேட்டவருக்கு என் பெட்டை தகப்பன் பேர், தாயின் ஊர் எல்லாவற்றையும் ஆகாயத்தில் நின்றபடி சொன்னாள். சொல்லிவிட்டு இன்னும் இரண்டு பனை உயரம் மேலே போனாள்.

அடுத்த கிழமை அவர்கள் பெண் பார்க்க வந்தார்கள். பெரியப்பா அந்தப் பக்கத்தைத் தாயாருக்குக் காட்டினாரோ இல்லையோ, எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் என்னைப் பார்க்கும் நேரமெல்லாம் மீசையைத் தடவினார். தாயார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இருக்க இடம் பார்த்தார். நான் பிளாஸ்ரிக் கதிரைகள் எல்லாவற்றையும் விடியவே வீட்டுப் பின்பக்கக் கோடிக்குள் ஒளித்துவிட்டேன். நாலு பேர் தூக்கிவைத்த முதிரை மரச் சாய்மனைக் கதிரை ஒன்றுதான் நடு விறாந்தையில் கிடந்தது. தாயார் அதில் இருந்தார்.

தேத்தண்ணீர்த் தட்டத்தோடு வந்த மகள் கதிரையை ஒருதரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பாரம் நிறுக்கிற மாதிரி ஏதோ இருந்தது. நான் போய்க் கதிரையை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி அதன் காலடியில் நின்றுகொண்டேன்.