திட்டாமல் ரிப்போர்ட் பண்ணுங்க

இணையக் குழு ஒன்றுக்கு அட்மினாக இருப்பது சம்பளமும் லீவும் இல்லாத வேலை. திட்டு மட்டும் நேரத்துக்கு வந்துவிடும். ஊர்க் குழு, கோயில் குழு, பழைய மாணவர் குழு என்று எதிலாவது நீங்களும் மாட்டிக்கொண்டிருந்தால், இதைத் தலையாட்டிக்கொண்டேதான் வாசிப்பீர்கள்.

பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருந்த நாட்களில், நிவித்திகல பக்கத்திலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக் குழுவை நானும் ஜெனிட்டாவும் பார்த்துக்கொள்ளத் தொடங்கினோம். ஜெனிட்டா என்னோடு படித்தவள். குருவிட்டவில் போன் கடையில் வேலை செய்கிறாள். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே வேகத்தில் சண்டை போடுவாள். எனக்கு நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே வேர்த்துவிடும். வாய் திறக்காமல் செய்யலாம் என்று நம்பித்தான் இந்த வேலைக்கு ஒத்துக்கொண்டேன்.

குழுவில் எல்லோரும் முதலில் தேடுவது, ஸ்கூல் வேன் ஓட்டும் சந்திரன் அண்ணனின் காலைப் பதிவை. மழை விடாமல் பெய்தால் சின்னப் பாலத்துக்கு மேல் தண்ணீர் ஏறிவிடும். வேன் வருமா வராதா என்று அவர் ஒரு வரி போட்ட பிறகுதான், தாய்மார் பிள்ளைகளை லயத்து வீடுகளிலிருந்து ரோட்டுக்கு இறக்குவார்கள்.

பெரட்டு எங்கே?

வீட்டிலிருந்தே வேலை, விழுந்துவிட்ட பரிசு, உடனே அழுத்த வேண்டிய லிங்க் என்று குழுவில் ஸ்பேம் குவியத் தொடங்கியது. புதிதாகச் சேர வருகிறவர்களுக்கு ஒரு கேள்வி வைத்தோம்: "உங்கள் தோட்டத்தில் காலைப் பெரட்டு எங்கே நடக்கும்?" பெயர் கூப்பிட்டு அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இடம் எது என்று தோட்டத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு கணக்கு "ஆம்" என்று பதில் எழுதியது. இன்னொன்று, தான் தனிமையில் வாடுவதாகச் சொன்னது. இரண்டையும் வெளியே நிறுத்தினோம்.

அடுத்து வந்த கணக்கில் படம் ரோஜாப்பூ, பெயர் இளவரசி. "இது சுத்தமான ஸ்பேம்டீ" என்று ஜெனிட்டா மறுக்கும் பட்டனுக்கு விரலைக் கொண்டுபோனாள். நான்தான் பதிலைப் படித்துவிட்டுத் தடுத்தேன். எழுதியிருந்தது மேல் டிவிசனில் கொழுந்து பறிக்கும் செல்வமணி அக்கா: "கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்துல. ஆறரைன்னு சொல்வாங்க, கங்காணி ஏழுக்குத்தான் வருவாரு. ஏன், நீயும் வேலைக்கு வர்றியா?"

மேலே ஏறிய திட்டு

கேள்வி வைப்பதற்கு முன்பே உள்ளே வந்து பதுங்கியிருந்த கணக்குகளை என்ன செய்வது? ஒரு மழைநாள் காலையில் அதில் ஒன்று முழித்துக்கொண்டு, "இந்த வீடியோவில் இருப்பது நீங்களா?" என்று லிங்க் போட்டது. எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா? வரிசையாக வந்து திட்டினார்கள். "ரிப்போர்ட் பண்ணுங்க" என்று அதன் அடியிலேயே எழுதினார்கள். ரிப்போர்ட் பண்ணியவர் ஒருவருமில்லை. ஒவ்வொரு திட்டுக்கும் அந்தப் பதிவு மறுபடி மேலே ஏறியது. "பாலத்துல தண்ணி. இன்னைக்கு வேன் இல்ல" என்ற சந்திரன் அண்ணனின் வரி கீழே போய்விட்டது.

ஏழு பிள்ளைகள் சந்தியில் முக்கால் மணி நேரம் நனைந்தார்கள். திட்டுவதால்தான் அது மேலே வருகிறது என்று அன்று பின்னேரம் செல்வமணி அக்காவுக்கு மெசேஜில் விளக்கினேன். பதினோரு திட்டு அவருடையது. பதிலைக் குரல் பதிவாகவே அனுப்பினார்: "திட்டாம உட்டா அவனுக்கு எப்படி புள்ள உறைக்கும்?"

இரண்டு சந்திரன் அண்ணன்மார்

அடுத்தது நான் செய்த தப்பு. சந்திரன் அண்ணனின் பெயரையும் படத்தையும் அப்படியே எடுத்து யாரோ ஒரு கணக்குத் திறந்திருந்தார்கள். "உங்கள் போனுக்கு ஆறு இலக்கம் வரும். அதை எனக்கு அனுப்புங்கள்" என்று தாய்மாருக்கு மெசேஜ் போனது. அனுப்பிய இரண்டு பேரின் கணக்குகள் கைவிட்டுப் போயின. நான் பதறிப்போய், "சந்திரன் அண்ணன் பெயரில் போலிக் கணக்கு. எல்லோரும் உடனே ரிப்போர்ட் பண்ணுங்க" என்று குழுவில் போட்டேன். எந்தக் கணக்கு என்று லிங்க் போடவில்லை.

அன்றைக்கென்று பார்த்து என் பேச்சை எல்லோரும் கேட்டார்கள். பெயரைத் தட்டித் தேடினால் முதலில் வருவது அசல் கணக்கு. ஆளாளுக்கு அதைத்தான் ரிப்போர்ட் பண்ணினார்கள். பொழுது சாய்வதற்குள் அசல் மறைந்துவிட்டது. போலி அப்படியே இருந்தது. இருந்ததோடு விடாமல், "மறைந்த கணக்குத்தான் போலி, நான்தான் உண்மை" என்று தாய்மாருக்கு மெசேஜ் போட்டு அறிவித்தது. கணக்கை இழந்த இரண்டு தாய்மாரும் அடுத்த மாதம் வேறு வேன் பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். சந்திரன் அண்ணன் எனக்குப் போன் எடுத்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்: "தங்கச்சி, இருபது வருஷமா இந்த ரோட்டுல வேன் ஓட்டுறேன். இப்ப நான்தான் நானுன்னு யார்கிட்டம்மா போய்ச் சொல்றது?"

சந்தியில் ஒரு பாடம்

மறுநாள் காலை வேன் வரும் நேரத்துக்குச் சந்திக்குப் போனேன். "தப்பு என்னோடதுங்க, அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லு புள்ள, மழை பெய்யுதுல்ல" என்றார் செல்வமணி அக்கா. மறுபடி சத்தமாகச் சொன்னேன். போன்களை வாங்கி ஒவ்வொன்றாகக் காட்டினேன்: போலியின் கணக்குக்குள்ளே போங்கள், எப்போது திறந்தது என்று பாருங்கள், மூன்று புள்ளியை அழுத்துங்கள், போலிக் கணக்கு என்பதைத் தெரிவு செய்யுங்கள். கீழே ஒரு வார்த்தையும் எழுதாதீர்கள்.

அதற்குள் வேன் வந்துவிட்டது. செல்வமணி அக்கா தன் போனில் போலிக்கு ஒரு கேள்வி அனுப்பினார்: "அண்ணே, நம்ம வேன் கதவை எப்படித் தொறக்கிறது?" அந்தக் கதவைத் தோளால் ஒரு இடி இடித்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும், அதில் ஏறிய எல்லோருக்கும் தெரியும். சந்திரன் அண்ணன் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, அக்காவின் போனில் பதில் வந்து விழுந்தது: "வணக்கம் அன்பே, முதலில் இலக்கத்தை அனுப்பவும்." வேறு வேன் பார்க்க இருந்த லோகேஸ்வரி அக்கா அதை வாங்கிப் படித்தார். பிறகு தன் மகனை வேனில் ஏற்றிக்கொண்டே சொன்னார்: "இந்த மனுசன் பொண்டாட்டியையே அன்பேன்னு கூப்பிட்டது கிடையாது!"

தொண்டை வலி

அன்று பின்னேரம், சரியான லிங்க்கோடு எல்லோரும் சத்தமில்லாமல் ரிப்போர்ட் பண்ணினோம். மூன்றாம் நாள் போலியைக் காணவில்லை. ஜெனிட்டா கடையில் வைத்து, சந்திரன் அண்ணனின் லைசன்ஸைப் படம் பிடித்து அனுப்பி முறையிட்டாள். அசல் திரும்பி வர மேலும் ஒரு வாரம் பிடித்தது. அதுவரை அவர் சொல்லச் சொல்ல, அவருடைய வரியை நானே காலையில் போட்டேன். அந்த இரண்டு தாய்மாரும் வேன் மாற்றவில்லை.

போன வாரம் மறுபடி மழை. விடியும்போதே ஒரு ஸ்பேம் வந்தது. உடனே திறந்து பார்த்தேன். அதன் அடியில் ஒரு திட்டுக்கூட இல்லை. அட்மின் பக்கத்தில் மட்டும் ரிப்போர்ட்டுகள் வரிசையாக நின்றன. ஜெனிட்டா பஸ்ஸில் இருந்தபடியே கணக்கை விலக்கினாள். "பாலத்துல தண்ணி. வேன் இல்ல" என்ற வரி எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. சந்தியில் ஒரு பிள்ளையும் நனையவில்லை. கொஞ்ச நேரத்தில் செல்வமணி அக்கா போன் எடுத்தார்: "ஒரு வார்த்தை திட்டல புள்ள. அடக்கி அடக்கி தொண்டையெல்லாம் வலிக்குது!"

வாயே திறக்க வேண்டாம் என்று நம்பி வந்த நான் பேசப் பழகினேன், செல்வமணி அக்கா பேசாமலிருக்கப் பழகினார். இதில் எது பெரிய கஷ்டம் என்பது மட்டும் எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.