இரண்டாம் பக்கத்து ஆள்

பிரிண்டரில் இருந்து வரும் பேப்பரை நாறும்பூநாதன் அண்ணாச்சி உடனே படிப்பதில்லை. சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, போன வாரத்துப் பேப்பரை அதன் மேல் வைத்து, இரண்டின் கட்டங்களும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழுகின்றனவா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். விழுந்தால் ஒரு “ம்”. விழாவிட்டால் சட்டைப் பையில் இருந்து ஆறு அங்குல ஸ்கேல் வெளியே வரும். அந்த நேரத்தில் கவுண்டரில் நிற்பவர் குடும்பத்தோடு வந்து ரூம் கேட்கிறவராக இருந்தாலும் சரி, அருவிக்கரையில் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தவராக இருந்தாலும் சரி, காத்திருக்கத்தான் வேண்டும்.

குற்றாலத்தில் எங்கள் முதலாளிக்கு மூன்று லாட்ஜ்கள். மெயின் அருவி ரோட்டில் ஒன்று, ஐந்தருவியில் ஒன்று, பழைய குற்றாலத்தில் ஒன்று. மூன்றிலும் வேலை பார்க்கிறவர்களில் யாருக்கு என்றைக்கு எங்கே டூட்டி, யாருக்கு என்றைக்கு வார லீவு என்று வாராவாரம் எக்செலில் சார்ட் போட்டு மற்ற இரண்டு லாட்ஜுக்கும் அனுப்புவது அண்ணாச்சியின் பொறுப்பு. லாண்டரிக் கணக்கு, தண்ணீர் லாரி, கேஸ் சிலிண்டர் என்று அவருக்கு வேறு வேலைகளும் உண்டு. ஆனால் வேலை என்று அவர் மதிப்பது இந்தச் சார்ட்டை மட்டும்தான். நான் எதிர் மேசையில் ரிசப்ஷன் பார்க்கிற பாவப்பட்ட பிறவி. தினமும் இதையெல்லாம் கேட்டுத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

அவருடைய கொள்கை ஒன்றே ஒன்று. “எல்லாம் ஒரே பேப்பர்ல அடங்கணும் தம்பி.” இந்த ஆசாரம் எக்செலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. குற்றாலத்தையே அவர் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறார். நெட்டுக்குத்தாக விழுகிற மெயின் அருவி போர்ட்ரெய்ட். அகலமாக விரிகிற ஐந்தருவி லேண்ட்ஸ்கேப். சிற்றருவி என்ன அண்ணாச்சி என்று ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். “அது ஃபுட்டர்” என்றார், யோசிக்கவே இல்லை. பக்கத்தின் அடியில் வருகிற பொடி வரியாம். கல்யாண வீட்டில் வாழை இலையைப் போட்டால், நம்ம ஆட்கள் அந்தக் காலத்திலேயே லேண்ட்ஸ்கேப்பில்தான் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று பக்கத்து இலைக்காரரிடம் பெருமையாகச் சொல்வார். உப்பும் ஊறுகாயும் இலையின் மார்ஜினில் இருக்க வேண்டும். சோறு மார்ஜினைத் தாண்டினால் கையால் ஒதுக்கி உள்ளே தள்ளிவிட்டுத்தான் குழம்பைக் கேட்பார்.

இவ்வளவு கறாரான மனிதருக்கு வாய்த்த கொடுமையைக் கேளுங்கள். அவருடைய கம்ப்யூட்டரில் சார்ட் ஒரே பக்கத்தில் அம்சமாக உட்கார்ந்திருக்கும். அதையே பழைய குற்றாலத்தில் மன்சூர் திறந்தால் கடைசி வரி நழுவி இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடும். ஐந்தருவியில் ஸ்வாதி திறந்தாலும் அதே கதிதான். மன்சூரும் ஸ்வாதியும் அந்தந்த லாட்ஜின் பொறுப்பாளர்கள், நல்ல பிள்ளைகள். ஆனால் முதல் பக்கத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, ஒற்றை வரி மட்டும் தொங்குகிற இரண்டாம் பக்கத்தைப் பஜ்ஜி எண்ணெய் ஒற்றி எடுக்கப் பயன்படுத்திக்கொள்வார்கள். அந்தக் கடைசி வரியில் இருப்பது அண்ணாச்சியின் பெயர்.

ஆகவே அண்ணாச்சிக்கு வார லீவு உண்டு என்பது மற்ற இரண்டு லாட்ஜிலும் யாருக்குமே தெரியாது. லீவு நாளில் காலை ஏழு மணிக்கே போன் வர ஆரம்பிக்கும். தண்ணீர் லாரி வரவில்லை, பெட்ஷீட் பத்தவில்லை, மேல்மாடி ரூமுக்குள் குரங்கு வந்துவிட்டது. இவரும் இன்றைக்கு எனக்கு லீவு என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு மேலகரத்து வீட்டில் இருந்து மொபெட்டில் வந்து குரங்கை விரட்டுவார். வாயைத் திறந்து சொன்னால்தான் என்ன என்று சண்டையே பிடித்திருக்கிறேன்.

“பேப்பர்ல இல்லாதத வாயால சொன்னா அது கெஞ்சுதது மாதிரி ஆயிரும் தம்பி. சார்ட் போடுதவனே எனக்கு லீவு, எனக்கு லீவுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா நல்லாவா இருக்கு?”

சரி, உங்கள் பெயரை மேலே தூக்கிப் போடுங்கள் என்றால் அதுவும் ஆகாது. பந்தியில் பரிமாறுகிறவன் முதலில் உட்காரக் கூடாதாம். எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கலாம் என்றால் சமையல் மாஸ்டர் சுடலைமணிக்குக் கண் தெரியாது. ஒரு தடவை ஒரே பக்கத்தில் அடக்க எழுத்தைச் சுருக்கியதில், மாஸ்டர் புதன்கிழமை லீவைச் செவ்வாய் என்று படித்துவிட்டார். செவ்வாய்க்கிழமை எங்கள் லாட்ஜில் சாம்பார் இல்லை. புதன்கிழமை மாஸ்டரும் அவருக்குப் பதிலாக வந்தவரும் வைத்த இரண்டு அண்டா சாம்பார். அன்றிலிருந்து எழுத்தின் அளவில் கை வைப்பதில்லை என்று அண்ணாச்சி உறுதி எடுத்திருக்கிறார்.

பிடிஎஃப்பாக அனுப்பினால் எந்தக் கம்ப்யூட்டரிலும் கலையாதே என்று நான் மேதாவித்தனமாகச் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பொறுப்பாளர்கள் தங்களுக்குள் டூட்டி மாற்றிக்கொண்டால் அதைச் சார்ட்டிலேயே குறிக்க வேண்டும். “பிடிஎஃப்ங்கது கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்ச அல்வா. பாக்கலாம், கை வைக்க முடியாது. கூட வேல பாக்குதவங்கள நம்பாம பூட்டிக் குடுக்கதா?” என்றார். கூட வேலை பார்க்கிறவர்கள் அந்த நேரத்திலும் பஜ்ஜியை ஒற்றிக்கொண்டிருந்தார்கள்.

இப்படியே எத்தனையோ சீசன் ஓடியிருக்கும். இந்த வருஷம் அவர் மனைவி காளீஸ்வரி போட்ட போட்டில்தான் கதை மாறியது. காளீஸ்வரியின் தங்கை குடும்பம் சங்கரன்கோவிலில் இருக்கிறது. ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து வந்து இறங்கிவிடுவார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, மங்குஸ்தான் வாங்கித் தின்று, வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எல்லாப் போட்டோவிலும் சகலை இருப்பார், சகலையின் அண்ணன் இருப்பார், வேன் டிரைவர்கூட ஒன்றில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். குற்றாலத்திலேயே வேலை பார்க்கிற நம் ஆள் மட்டும் ஒன்றிலும் கிடையாது. போட்டோவைப் பார்க்கிற சொந்தக்காரர்கள், உங்கள் வீட்டுக்காரர் துபாயிலா இருக்கிறார் என்று காளீஸ்வரியிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

போன வாரம் அந்த அம்மாவின் போன் வந்தபோது அண்ணாச்சியின் இரண்டு கையும் கீபோர்டில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். ஆகவே நானும் கேட்டேன், ரூம் சாவி வாங்க வந்த ஒரு தம்பதியும் கேட்டார்கள்.

“வார ஞாயித்துக்கெழம தங்கச்சி வருதா. நீங்க வரணும். வரலன்னா, இனிமே கேக்கவங்ககிட்ட ஆமா, துபாய்லதான் இருக்காவன்னு நானே சொல்லிருவேன். பொறவு நீங்க மேலகரத்துல தல காட்ட முடியாது, பாத்துக்கிடுங்க.”

அண்ணாச்சிக்கு முகம் விழுந்துவிட்டது. கோபமாக இருந்தால் சமாளித்துவிடுவார், அந்த அம்மாவின் குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்திருந்தது. சீசன் ஞாயிற்றுக்கிழமையில் லீவு கேட்டால் முறைக்கிற முதலாளி தில்லைநாயகம், அன்றைக்கு என்ன நினைத்தாரோ, “சார்ட்ல போட்டுக்கிடும்” என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சியும் கடைசி வரியில், தன் பெயருக்கு நேரே, ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் ‘ஆஃப்’ என்று போட்டார். இனி அந்த வரி மூன்று லாட்ஜிலும் முதல் பக்கத்தில் வர வேண்டும். வராவிட்டால் காலை ஏழு மணிக்குப் போன் வரும். வந்தால் இவர் போய்விடுவார். அது அவருக்கே தெரியும்.

மறுநாள் பென் டிரைவைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, அதைச் சட்டைப் பையில் வைத்து, மேலே ரெயின்கோட் போட்டுக்கொண்டு சாரலில் கிளம்பினார். முதலில் பழைய குற்றாலம். மன்சூரின் கம்ப்யூட்டரைத் துருவியதில் குட்டு வெளிப்பட்டது. பேப்பர் அளவு ‘லெட்டர்’ என்று கிடந்திருக்கிறது. அது நம்ம ஏ4 பேப்பரைவிடக் கொஞ்சம் குட்டை. தென்காசியில் எந்தக் கடையில் கேட்டாலும் அந்தப் பேப்பர் கிடைக்காது, ஆனால் கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருக்கிறது. “ஏலே மன்சூரு, இத்தன வருசமா இல்லாத பேப்பர்லயா எனக்கு லீவு குடுத்திருக்க?” என்று கேட்டிருக்கிறார். ஏ4 என்று மாற்றிவிட்டு, அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தாராம்.

ஐந்தருவியில் வேறு வியாதி. ஸ்வாதி சார்ட்டைப் போனிலேயே திறந்து, போனிலேயே திருத்தி, போனில் இருந்தே பிரிண்டுக்கு அனுப்புகிறவள். அந்தப் போனில் அண்ணாச்சியின் தமிழ் எழுத்துரு இல்லை. அதனால் வேறு ஒரு எழுத்து வந்து உட்கார்ந்து, கொஞ்சம் குண்டாகி, நீளப் பெயர்கள் எல்லாம் இரண்டு வரியாக மடங்கிவிடுகின்றன. அவளுடைய லாட்ஜ் கம்ப்யூட்டரில் எழுத்துருவை ஏற்றிவிட்டு, இனிமேல் போனில் தொடுவதில்லை என்று அவளிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். அந்தப் பிள்ளையும், இவர் சாரலில் நனைந்துபோய் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, பேசாமல் சரி என்றிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை மாலை இரண்டு லாட்ஜில் இருந்தும் சுவரில் ஒட்டிய சார்ட்டின் போட்டோ வந்தது. இரண்டிலும் கடைசி வரி முதல் பக்கத்திலேயே இருந்தது. அண்ணாச்சி போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். எனக்கு டீயும் வடையும் அவர் செலவில் வந்தன. இதெல்லாம் எங்கள் லாட்ஜில் நடக்கிற காரியமே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் முதலாளி போன் பண்ணினார். ஆய்க்குடியில் இருந்து சொக்கம்மாள் என்று ஒரு அம்மா ரூம் சுத்தம் பண்ண வருகிறார், இன்றைக்கே டூட்டி போட்டு எல்லோருக்கும் அனுப்பிவிடும் என்று. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு வரி. அண்ணாச்சி சொக்கம்மாளை நடுவில் சேர்த்தார். அடியில் இருந்த நாறும்பூநாதன் பக்கம் முடிகிற கோட்டைத் தாண்டி இரண்டாம் பக்கத்துக்குப் போனார்.

அவர் ஸ்கேலைக்கூட எடுக்கவில்லை. மவுஸை விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. அந்த அம்மாவின் பெயரை மட்டும் பேனாவால் எழுதிவிடலாமே என்றேன். மூன்று லாட்ஜ் ஆட்களோடும் அச்சில் வர வேண்டியவளைப் புதுசாக வந்த அன்றைக்கே பேனாவில் எழுதுவதா, மனசு சங்கடப்பட்டுவிடும் என்றார். மார்ஜினில் குறைக்க ஒரு நூல் இடம்கூட இல்லை. எழுத்தைச் சின்னதாக்கினால் மாஸ்டர் சாம்பார். நானும் ஸ்கிரீனைப் பார்த்தேன், அவரும் பார்த்தார். இரண்டு பேரும் கீழேயேதான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவர் மெதுவாக மேலே போனார். ஷீட்டின் தலையில், எல்லாக் கட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்து, அகலமாக ஒரு கட்டம் இருக்கிறது. அதில் முதலாளியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே அவர் வகிக்கும் பதவிகள், பக்கத்தில் அவர் கும்பிட்டுக்கொண்டு நிற்கிற படம். சாதாரண வரிகள் நாலு நிற்கிற இடம் அது. இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டத்தின் பக்கம் அண்ணாச்சி மவுஸைக்கூடக் கொண்டுபோனதில்லை.

“தம்பி, அந்தக் கதவச் செத்த சாத்தும்.”

சாத்தினேன். திரும்பி வந்து பார்ப்பதற்குள் கட்டத்தைக் காணோம், படத்தையும் காணோம். கீழே போயிருந்தவர் முதல் பக்கத்துக்கு ஏறி வந்து, சொக்கம்மாளோடும் மற்ற எல்லோரோடும் நின்றார். முதலாளி கேட்டால் என்ன சொல்லப் போகிறீர்கள் என்றேன்.

“மொதலாளிக்கு வார லீவு கெடையாதுல்லா. பொறவு அவரு பேரு டூட்டி சார்ட்ல எதுக்கு?”

நிதானமாகச் சேமித்து, குரூப்பில் அனுப்பினார். முதலில் மன்சூரின் போட்டோ வந்தது. கொஞ்ச நேரத்தில் ஸ்வாதியின் போட்டோவும் வந்தது. இரண்டிலும் ஆள் முதல் பக்கத்தில் இருந்தார். எங்கள் லாட்ஜ் சுவருக்கு மட்டும்தான் பாக்கி. பிரிண்ட் கொடுத்தார். பிரிண்டர் முனகிக்கொண்டே ஒரு பேப்பரைத் தள்ளியது. அதை எடுத்து என்னிடம் நீட்டினார், அவர் பார்க்கவில்லை. பிரிண்டரின் வாய்க்குக் கீழே உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, இரண்டாவது பேப்பர் வருகிறதா என்று நின்றுகொண்டே இருந்தார். பச்சை விளக்கு அணைந்து, பிரிண்டர் சத்தமெல்லாம் அடங்கிய பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.