வரச் சொன்னாங்களாம்

அண்ணன் மகள் நாவற்குடாவில் என் வீட்டுக்கு வந்தால் கையில் போன், வாயில் றோஸ் பாண். போன ஞாயிறு ஏதோ காறிக் காறிச் சொல்லிக்கொண்டிருந்தாள். தொண்டையில் முள் சிக்கிவிட்டதாக்கும் என்று தண்ணீரோடு ஓடினேன். “இது கிளிங்கன், மாமி” என்றாள். இங்கிலீஷ் சினிமாப் படத்துக்காக உண்டாக்கிய, விண்வெளிப் போர்வீரர்களின் பாஷையாம். அதற்கு இலக்கணம் வேறு. நான் தமிழ் இலக்கணத்தையே பள்ளிக்கூடத்தோடு கைகழுவியவள்.

“இதில ஒரு ஆள் சொன்னத அவர்ர வாயால வந்த மாதிரியே சொல்லணும் மாமி. ஆர், எங்க எண்டதெல்லாம் கேக்கிறதுக்கு மட்டும்தான். ‘ஆர் வந்தது எண்டு எனக்குத் தெரியும்’ எண்டு சொல்லேலாது.”

“அந்தப் பாஷையோட அந்த நாளையில நாங்க தப்பியிருக்க மாட்டம்” என்றேன். அவள் சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

அவள் பாணைப் பிய்த்தபோது எழுந்த வாசத்தில் என் முதல் வேலை நினைவுக்கு வந்துவிட்டது. காத்தான்குடி ஹாஜியார் ஒருவரின் பேக்கரி. பாண் வெட்டச் சொன்னால் படிக்கட்டு மாதிரி வெட்டுவேன். பாவம், மனிதர் ஒன்றும் சொல்லமாட்டார். கவுண்டரில் என்னோடு பிலோமினா அக்கா. அவர் புருஷன் சவரி அண்ணன் பின்னால் போறணையில் பாண் சுடுகிறவர்.

சண்டைக் காலம். எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. செய்தி வந்தால், கொண்டுவந்தவரின் பெயரை அங்கேயே விட்டுவிட வேண்டும். ‘சொன்னாங்களாம்’ என்றால் போதும். யார் என்று கேட்கக்கூடாது. தெரியாத பெயரை எவன் அடித்தாலும் வாயிலிருந்து எடுக்க முடியாதே.

ஒரு பின்னேரம் பாண் வாங்க நின்ற வரிசையில் வாய்க்கு வாய் ஒரு செய்தி வந்தது. கடைசியில் மாப் பிசைகிற தங்கராசா அண்ணன் போறணைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“சவரி, உன்னச் சந்திக்கு வரச் சொன்னாங்களாம். சும்மா ஒரு கதையாம்.”

வரச் சொன்னது யார் என்று சவரி அண்ணன் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. “தட்டு கருகிரும், பாத்துக்கொள் புள்ள. இப்ப வந்திருவன்” என்று பிலோமினா அக்காவிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அதோடு சரி. சைக்கிள்கூடக் கிடைக்கவில்லை.

அக்கா ஏறாத முகாம் இல்லை, கும்பிடாத ஆள் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: “வரச் சொன்னது ஆர்? பேரைச் சொன்னாத்தானே தேடலாம்.” அவர் திரும்பி வந்து தங்கராசா அண்ணனைக் கேட்பார்.

“எனக்கும் சொன்னாங்கதான் கா” என்பார் அவர், கண்ணைப் பார்க்காமல். வருஷக்கணக்காக அதே பதில். நான் பாண் தட்டைத் துடைக்கப் போய்விடுவேன்.

பேக்கரி இருந்த இடத்தில் இப்போது போன் கடை. ஹாஜியார் மௌத்தாகிவிட்டார். அன்றைக்கு வரிசையில் நின்றவர்கள் எந்தெந்த நாட்டிலோ.

போன மாதம் தங்கராசா அண்ணனும் இறந்தார். சாவீட்டுக்கு வந்த பிலோமினா அக்கா அழவில்லை. தங்கராசா அண்ணனின் மனைவிக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார்.

“சாகக்குள்ள பேர் ஏதும் சொன்னாரோ கா?”

“ஒண்டும் சொல்லல்ல கா.”

அக்கா எழும்பினார். வீட்டுக்குப் போகவில்லை, நேரே மாதா கோயிலுக்குப் போய், இத்தனை வருஷமும் கொடுக்க மறுத்த சவரி அண்ணனின் பெயரை, இறந்தவர்களுக்கான பூசையில் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார்.