மங்களம் ஏறாத காடி

ஐயாவுக்கு இரண்டு பெண்டாட்டி என்று தோட்டத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். தாலி கட்டினது மங்களத்துக்கு. ஆனால் சலுகையெல்லாம் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் சாக்குப் போர்த்திக்கொண்டு நின்ற மோட்டார் காடிக்கு. அதனால் காடிதான் மூத்தாள், மங்களம் இளையாள். இதை மங்களத்தின் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். ஒரே லயத்து வரிசை அறைகளில் கிடந்து சாகிறவர்கள் ஒருவரை ஒருவர் குத்துவதில் மட்டும் கஞ்சத்தனமே காட்டுவதில்லை.

காடி முன்னே பழைய துரையுடையது. அதை ஓட்டிக்கொண்டிருந்தவன் ஐயாவு. ஒருநாள் துரை ஈப்போ கிளப்பில் மூக்குமுட்டக் குடித்துவிட்டு, நானே ஓட்டுகிறேன் என்று பிடிவாதம் பிடித்து, தோட்டத்துப் பாலத்தை விட்டுவிட்டு ஓடைக்குள் ஓட்டினார். துரைக்கு ஒரு கீறல் கூட இல்லை. காடி மூக்கு நசுங்கி, சக்கரம் மேலே தெரிய, தண்ணீரில் கிடந்தது. கரையில் உட்கார்ந்து அழுதது ஐயாவுதான்.

அந்த வருஷம் கித்தா என்கிற ரப்பர் விலை படுத்துவிட்டது. பாலுக்கு மரத்தைச் சீவ ஆள் வேண்டாம் என்று பாதி லயத்தை ஊருக்குக் கப்பலேற்றினார்கள். துரையும் மூட்டை கட்டினார். அடுத்து வந்தவர் தன் காடியையும், அதை ஓட்ட ஒரு மலாய்க்காரனையும் கையோடு கொண்டுவந்தார். ஐயாவுவைக் கித்தாப் பாய்களுக்குப் புகை போடும் கொட்டகைக்கு அனுப்பினார்கள். ஓடையில் கிடந்ததைப் பற்றிக் கேட்டபோது, “எவனுக்கு வேணுமோ இழுத்துக்கிட்டுப் போகட்டும்” என்றார் புது துரை. அவர் வாய் மூடுவதற்குள் ஐயாவு மாட்டுக்காரன் மாயாண்டியின் காலில் விழப் போய்விட்டான்.

இரண்டு ஜோடி மாட்டைக் கட்டி இழுத்தார்கள். அப்புறம் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை. மற்றவர்கள் கள்ளுக்கடையில் கிடந்த நேரமெல்லாம் இவன் காடிக்கு அடியில் கிடந்தான். கித்தாப் பாய் அடைக்கும் பெட்டிப் பலகையை அறுத்துக் கதவு செய்தான். ஈப்போவில் பழைய இரும்புக் கடைகளில் கெஞ்சிக் கூத்தாடி ஒவ்வொரு உறுப்பாகச் சேர்த்தான். மங்களம் ரசத்துக்கு வைத்திருந்த புளியை எடுத்துப் போய் பித்தளை விளக்கைத் தேய்த்தான். “வாய்க்குப் புளி இல்ல, விளக்குக்குப் புளி” என்று அவள் திட்டிக்கொண்டே மறுபடி வாங்கி வைப்பாள். அவளுக்கு அவன் மேல் பிரியம். அவன் மற்ற ஆண்கள் மாதிரி அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை. ஒரு இரும்பைக் கட்டிக்கொண்டு அழுகிறான், அழட்டும் என்று விட்டிருந்தாள்.

காடி ஓடின நாளில் தோட்டமே திரண்டுவிட்டது. கல்லுமலைத் தைப்பூசத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போனான். ஏற வந்தவர்களுக்கு ஒரே ஒரு கண்டிப்பு. வாசலில் ஒரு சாக்குத்துண்டு கிடக்கும். “காலைத் தொடச்சிட்டு ஏறு!” கங்காணி அப்பாவுவையே நிறுத்தி வைத்துத் துடைக்கச் சொன்னான். காவடி எடுக்க விரதமிருந்த மாயாண்டி, “சாமி சன்னதியிலகூட இப்படிக் கேக்கமாட்டாங்கடா” என்றான். ஐயாவு சிரிக்கவில்லை. அந்த விஷயத்தில் அவனுக்கு விளையாட்டே கிடையாது.

எல்லாரும் ஏறினார்கள். மங்களம் மட்டும் லயத்து வாசலில் நின்றாள்.

“ஏன் புள்ள, வா.”

“நான் வரல. நமக்குன்னு ஒரு வீடு வரட்டும். அந்த வாசப்படியில இருந்து ஏறுறேன். அதுவரைக்கும் உங்க மூத்தா நல்லா இருக்கட்டும்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அதற்குள் என்ன இருந்தது என்பது ஐயாவுக்குத் தெரியும். மங்களத்தின் அம்மா ராக்காயி இதே மாதிரி ஒரு லயத்தில் இருந்தவள். காசநோய் வந்து, காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு நிற்க முடியாமல் போனது. வேலைக்கு வராத ஆளுக்கு லயத்தில் இடம் எதற்கு? கங்காணி வந்து சட்டிபானையைத் தூக்கி வெளியே வைத்தான். அவ்வளவுதான், அதிகம் பேசக்கூட இல்லை. ராக்காயி மாட்டுக்கொட்டகையில் படுத்து, அங்கேயே போய்ச் சேர்ந்தாள். அப்போது மங்களத்துக்குச் சோறு வடிக்கத் தெரிகிற வயசு. செம்மண்ணில் வரிசையாக இருந்த அந்தச் சட்டிகளை அவள் மறக்கவே இல்லை. யாரும் சட்டியைத் தூக்கி வெளியே வைக்க முடியாத ஒரு வீடு. இந்த ஜன்மத்தில் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

கித்தா விலை ஏறி, புது ஆட்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலத்தில் மங்களத்துக்குக் குளிர்சுரம் கண்டது. விட்டு விட்டு அடித்தது. பெரட்டுக்குப் போக முடியவில்லை. ஒரு சாயங்காலம் அப்பாவு கங்காணி வந்து வாசலில் நின்றார். உள்ளே ஒரு சுற்றுப் பார்த்தார். கண் அடுப்படியில் நின்றது.

“ரெண்டு குடும்பம் வருது ஐயாவு. எடம் பத்தாது. ஒம் பொஞ்சாதி எழுந்திரிச்சிருவாளா மாட்டாளான்னு சொல்லிரு.”

அவர் போனதும் மங்களம் எழுந்து உட்கார்ந்தாள். “எங்கம்மாவுக்கும் மொத நாளு கங்காணி இப்படித்தான் வந்து நின்னு பாத்தான்” என்றாள். காடியை விற்று விடுங்கள் என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் அவன் சண்டை போட்டிருப்பான். வராததால் தோற்றுப்போனான்.

லகாட் பக்கம் ஈயம் தோண்டும் லம்பம் ஒன்றின் ஓரத்தில் பால்காரச் சன்னாசி வீடு விற்கிறான் என்று மாயாண்டி சொன்னான். சன்னாசி மாடுகளைத் தள்ளிவிட்டு ஊருக்குக் கப்பலேற இருந்தான். ஐயாவு காடியிலேயே போய் இறங்கினான். பலகை வீடு, தகரக் கூரை, முன்னால் மூன்று படி, பக்கத்தில் முருங்கை. கொஞ்சம் தள்ளி, ஈயத்துக்காகத் தோண்டிய பெரும் பள்ளம். குழாயில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஐயாவு வீட்டைப் பார்த்த விதத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு தூணையும் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான். கூரை மேல் ஏறித் தகரத்தைத் தடவினான். கீழே தவழ்ந்து போய்க் கறையான் இருக்கிறதா என்று சுரண்டினான். கதவைத் திறந்து மூடித் திறந்து மூடிக் கீலுக்கு எண்ணெய் போட்டே விட்டான். கேட்காமல் விட்டது ஒன்றே ஒன்று, வீடு நின்ற மண் யாருடையது என்பது.

மடையன் என்று சொல்லிவிடலாம், சுலபம். தோட்டத்தில் பிறந்து தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு மண் என்பது துரை சமாசாரம். அதை ஒருத்தன் வாங்கலாம், விற்கலாம் என்பதே அவன் காதில் விழுந்ததில்லை. அவனுக்குச் சொந்தப் பொருள் என்று வாழ்க்கையில் இருந்தது அந்தக் காடி ஒன்றுதான். காடி வாங்குகிறவன் ரோடு யாருடையது என்று கேட்பானா? சன்னாசி பொய் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லவும் இல்லை. “வீடு இனிமே ஒன்னுது தம்பி” என்றான். அது உண்மைதான்.

அதே நாள்தான் லம்பத்து முதலாளியான தவுக்கே பள்ளத்தின் விளிம்பில் நின்று காடியைப் பார்த்தார். வயதான சீனர், தன் லம்பத்தைத் தானே நின்று பார்க்கிறவர். காடியைச் சுற்றி வந்தார். பித்தளை விளக்கில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். விலை கேட்டார், பேரமே பேசவில்லை. சன்னாசி வீட்டுக்குக் கேட்டதற்கு அது சரியாக இருந்தது.

மாயாண்டி மங்களத்தையும் சட்டிபானையையும் மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கிய நாளில் காடி கைமாறியது. சாவியைப் போல ஒன்றும் கிடையாது அந்தக் காடிக்கு. முன்னால் ஒரு இரும்புப் பிடி, அதைச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். ஐயாவு தவுக்கேயின் டிரைவரிடம், “இதைப் பாத்துச் சுத்தணும், ஏமாந்தா திருப்பி அடிச்சு மணிக்கட்ட ஒடைச்சிரும்” என்று படித்துப் படித்துச் சொன்னான். சாக்குத்துண்டையும் மடித்துக் கொடுத்தான். காடி திருப்பத்தில் மறைகிறவரை நின்றுவிட்டு, முருங்கைக்குப் பின்னால் போய் வாய்விட்டு அழுதான்.

மங்களம் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். “நான் ஒங்களுக்குப் பாவம் செஞ்சிட்டேன்.”

“போ புள்ள. இரும்புதானே.”

“வீடு வந்தா ஏறுறேன்னேன். இப்ப வீடு இருக்கு, காடி இல்ல” என்று சொல்லிவிட்டு அவளும் அழுதாள். பிறகு இரண்டு பேரும் உள்ளே போய்ப் பால் காய்ச்சினார்கள்.

அங்கே இருந்த காலம் மங்களத்தின் காலம். சுரம் விட்டது. கன்னம் தெளிந்தது. மூன்று படிக்கும் வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் பூசினாள். சட்டிபானையை அடுக்கி வைப்பதிலேயே பாதிப் பொழுதைக் கழித்தாள். ஐயாவு லகாட்டில் ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். ரோட்டில் எந்தக் காடிச் சத்தம் கேட்டாலும் தலை தானாக நிமிரும். அதை அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பாள்.

“லம்பத்துச் சத்தம் கிட்டக் கேக்குதே” என்று ஒருநாள் சொன்னாள்.

“அது அதோட வேலையப் பாக்குதுலா. நமக்கென்ன.”

ஈய விலை உச்சத்தில் இருந்த நேரம். ஒரு காலையில் ரோட்டில் காடிச் சத்தம் கேட்டது. ஐயாவு சோற்றுக் கையோடு எழுந்து ஓடினான். அவனுடைய காடிதான். எவனோ கெடுத்து வைத்திருந்தான், எஞ்சின் இருமிக்கொண்டு வந்தது. உள்ளேயிருந்து தவுக்கே இறங்கினார். ஐயாவு அவருக்கு வணக்கம் சொல்வதற்கு முன்பே காடியின் மூக்கில் கையை வைத்துவிட்டான்.

தவுக்கே கோபமாகப் பேசவில்லை. அடுத்த மாதம் இங்கே தோண்டப் போகிறோம், இடத்தைக் காலி செய் என்றார். ஐயாவு விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். இது என் வீடு, காசு கொடுத்து வாங்கினது, காசே உங்கள் காசுதான் என்றான்.

“ருமா லு புன்யா. தானா குவா புன்யா” என்றார் தவுக்கே. வீடு உன்னுடையது, மண் என்னுடையது. வேண்டுமென்றால் வீட்டைத் தூக்கிக்கொண்டு போ. அவரும் பொய் சொல்லவில்லை.

ஈப்போ நில ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி இராஜசிங்கம் என்று ஒரு யாழ்ப்பாணத்தார் இருந்தார். ஐயாவு சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “மண் ஆருடையது எண்டு கேளாமல் ஆராவது வீடு வாங்குவினமோ? ஈயம் எடுக்கிற காணி முழுக்க அவரின்ரை. சன்னாசி அவரைக் கேட்டுத்தான் அதிலை இருந்தவன்.” பக்கத்து மேசைக்காரருக்கும் சொல்லிச் சிரித்தார். ஐயாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வெளியே வந்தான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் தவுக்கேயைப் போய்க் கும்பிட்டான். தவுக்கே ஆளைத் துரத்திவிடவில்லை. அவருடைய டிரைவருக்குப் பிடி திருப்பி அடித்து மணிக்கட்டு ஒடிந்து கிடந்தது. உனக்குத்தான் இந்தக் காடி படியும், நீயே வந்து ஓட்டு என்றார். காடிக்கென்று செங்கல்லில் ஒரு கொட்டகை கட்டியிருக்கிறேன், அதிலேயே ஒரு ஓரமாக நீயும் உன் பெண்டாட்டியும் இருந்துகொள்ளலாம் என்றார். ஐயாவு அந்த இடத்திலேயே தலையாட்டினான். மங்களத்தை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்பது தலையாட்டி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அவளிடம் சொன்னபோது குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னான். வீடு போனதற்கு அவனுக்கும் வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் காடி என்று சொன்ன இடத்தில் முகம் மலர்ந்துவிட்டது. அதை அவனால் அடக்க முடியவில்லை. மங்களம் பார்த்துவிட்டாள். அந்த ஒரு கணத்துக்காக ஐயாவு பிற்பாடு எத்தனையோ தடவை தன் தலையில் அடித்துக்கொண்டான்.

காலி செய்யும் நாளுக்கு முதல் நாள் ராத்திரியிலிருந்து மழை. பள்ளத்தின் விளிம்பு முருங்கையடி வரைக்கும் வந்திருந்தது. ஐயாவு காலையிலேயே போய்க் காடியை எடுத்துத் துடைத்து, எஞ்சினைச் சரிசெய்து, ஓட்டிக்கொண்டு வந்தான். எஞ்சின் இருமல் இல்லாமல் ஓடியது. பழைய சந்தோஷம் அவனுக்குத் திரும்பி வந்துவிட்டது.

வாசலில் சட்டிபானைகள் செம்மண் சேற்றில் வரிசையாக இருந்தன. பெரியது, சின்னது, குழம்புச் சட்டி, பால் செம்பு.

“யாரு புள்ள வெளிய தூக்கி வச்சது?” என்று பதறினான்.

“நான்தான்” என்றாள் மங்களம். “வேற எவனும் வந்து கை வைக்கிறதுக்குள்ள நானே வச்சிட்டேன்.”

அவன் சட்டிகளைக் காடியின் பின்பக்கம் ஏற்றினான். பெட்டிப் பலகையில் தானே செய்த கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். மங்களம் மஞ்சள் பூசிய படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினாள். கடைசிப் படிக்குக் கீழே கணுக்கால் அளவு சேறு. அதில் நடந்து காடிக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அதில் ஏற வந்தது அன்றைக்குத்தான்.

“காலைத் தொடச்சிட்டு ஏறு” என்றான் ஐயாவு.

சொன்ன பிறகுதான் அவன் காதில் அது விழுந்தது. வாய் பழக்கத்தில் வந்துவிட்டது, வேண்டுமென்று சொல்லவில்லை. மங்களம் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, சேலைத் தலைப்பை எடுத்து, ஒரு காலை நன்றாகத் துடைத்தாள். மற்றக் காலையும் துடைத்தாள். ஏறி உட்கார்ந்தாள்.

காடிக் கொட்டகை நல்ல கொட்டகை. செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, சிமெண்டுத் தரை. அவர்களுடைய பலகை வீட்டைவிட எவ்வளவோ உசத்தி. காடி நடுவில் நிற்கும், மங்களத்தின் அடுப்பு ஓரத்தில் எரியும். அவள் அங்கேயே இருந்து, அங்கேயேதான் செத்தாள். அதுவரைக்கும் ஒவ்வொரு தடவை உள்ளே வரும்போதும் வாசலில் நின்று, சேலைத் தலைப்பால் இரண்டு காலையும் துடைத்துக்கொண்டுதான் வந்தாள், வெயில் காலத்திலும். ஐயாவு பார்த்துக்கொண்டே இருப்பான். வேண்டாம் புள்ள என்று சொல்ல அவனுக்கு வாய் வரவே இல்லை.